மோட்டாரை அணைத்தாயா என்று அம்மா கேட்ட தட்டு: ஸ்பிரிச்சுவலைஸ்டின் முதல் ஆல்பம்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இந்தத் தட்டுக்கு எவ்வளவு செலவானது என்று வீட்டில் இன்னும் யாருக்கும் தெரியாது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்த இரட்டை எல்பி, அதாவது ஊசி வைத்துக் கேட்கிற இசைத்தட்டு இரண்டு. தட்டின் விலை ஒரு பங்கு என்றால், அனுப்பும் கூலியும் சுங்கவரியும் சேர்ந்து இன்னொரு பங்கு. ஆகவே இதைப் படிக்கும்போது அங்கங்கே நான் எனக்கே சமாதானம் சொல்லிக்கொள்கிற மாதிரி தெரிந்தால் கண்டுகொள்ளாதீர்கள்.

ஸ்பிரிச்சுவலைஸ்ட் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் முதல் ஆல்பம் இது, பெயர் லேசர் கைடட் மெலடீஸ். 1992 இல் வந்தது. என்னிடம் இருப்பது அதன் மறுபதிப்பு, 2021 இல் ஃபேட் பாஸம் என்ற அமெரிக்க நிறுவனம் இந்தக் குழுவின் முதல் நான்கு ஆல்பங்களையும் ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவந்தபோது வந்தது. பெட்டி வந்த அன்றே அட்டையின் ஒரு மூலை மடங்கியிருந்தது. கொண்டுவந்த கூரியர் தம்பியிடம் காட்டினேன், "உள்ள இருக்கிறது உடையலையே சார்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டான். அவன் சொன்னதும் சரிதான், உள்ளே இருந்த இரண்டு தட்டிலும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனாலும் அந்த மூலையைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு சின்ன எரிச்சல்.

அன்று ராத்திரி முதல் பக்கத்தைப் போட்டேன். கதவைச் சாத்திவிட்டுத்தான் போட்டேன், ஆனாலும் கால் மணி நேரத்தில் அம்மா எழுந்து வந்து, "மோட்டாரை அணைச்சியா? ஓடிக்கிட்டே இருக்கிற மாதிரி சத்தம் வருது" என்றார். தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிறதோ என்று மாடிக்கு வேறு போய்ப் பார்த்திருக்கிறார். மோட்டார் இல்லை அம்மா, பாட்டு என்றேன். கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு, "சுருதி மட்டும்தான் வருது, பாட்டு எப்ப வரும்?" என்று கேட்டுவிட்டுப் படுக்கப் போய்விட்டார். இந்தக் குழுவைப் பற்றி இங்கிலாந்துப் பத்திரிகைகளில் பத்தி பத்தியாக எழுதியதையெல்லாம் விட இந்த ஒரு வரி எனக்குச் சரியாகப் பட்டது. விளையாட்டில்லை, நிஜமாகவே அதுதான் விஷயம்.

சரி, யார் இவர்கள்? இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ரக்பி என்று ஓர் ஊர். ஆமாம், அந்த விளையாட்டுக்குப் பெயர் தந்த பள்ளிக்கூடம் இருக்கிற ஊர்தான். அங்கே 1982 இல் ஜேசன் பியர்ஸ், பீட் கெம்பர் என்ற இரண்டு பையன்கள் ஓவியக் கல்லூரியில் சந்தித்து ஸ்பேஸ்மென் 3 என்ற குழுவை ஆரம்பித்தார்கள். இரண்டு பேரும் பிறந்தது ஒரே நாள், 1965 நவம்பர் 19. ஜாதகப் பொருத்தம் இதற்கு மேல் எங்கே கிடைக்கும்? ஆனால் பத்து வருடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. 1991 இல் வந்த கடைசி ஆல்பத்தில் ஒரு பக்கம் முழுக்கக் கெம்பர் செய்தது, மறுபக்கம் முழுக்கப் பியர்ஸ் செய்தது. பாகப்பிரிவினை செய்து நடுவில் சுவர் வைத்த வீடு மாதிரி ஒரு தட்டு.

அந்தச் சுவர் எழும்புவதற்கு முன்பே, 1990 இலேயே, பியர்ஸ் ஸ்பிரிச்சுவலைஸ்ட் என்ற வேறு பெயரில் ஒரு சிங்கிளை, அதாவது ஒற்றைப் பாட்டுத் தட்டை, வெளியிட்டுவிட்டார். புதுக்குழுவில் யார் யார் என்று பார்த்தால்தான் வேடிக்கை. கிதாருக்கு மார்க் ரெஃபாய், பேஸ் கிதாருக்கு வில் கேரதர்ஸ், டிரம்ஸுக்கு ஜானி மேட்டக். எல்லோரும் ஸ்பேஸ்மென் 3 இன் கடைசி அணியில் இருந்தவர்கள். அதாவது பழைய குழுவில் கெம்பர் ஒருவரைக் கழித்துவிட்டு மீதிப் பேரை அப்படியே எடுத்துக்கொண்டு புதுப் பலகை மாட்டிவிட்டார். கூடவே கீபோர்டுக்குக் கேட் ராட்லி. குழுவுக்குப் பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? பெர்னோ என்ற பிரெஞ்சு சோம்பு மதுவின் பாட்டில் பின்பக்கம் ஒட்டியிருந்த காகிதத்தில் அச்சிட்டிருந்த வார்த்தையிலிருந்து. பெயரைக் கேட்டு ஏதோ ஆன்மிகச் சபை என்று நினைத்தவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம், ஆனால் இவர்களின் பாட்டிலும் சாமியும் சரக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில்தான் உட்கார்ந்திருக்கின்றன, அதனால் பெயர் பொருத்தம்தான்.

ஸ்பேஸ்மென் 3 கேட்டிராதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரே ஒரு கார்டை, அதாவது கிதாரில் சேர்ந்து ஒலிக்கிற சில ஸ்வரங்களை, பிடித்துக்கொண்டு அதை விடாமல் பத்து நிமிடம், இருபது நிமிடம் இழுப்பது அவர்கள் வழக்கம். சலிப்பு வரும், அப்புறம் சலிப்பைத் தாண்டி வேறு என்னவோ வரும், வராமலும் போகும். 1988 இல் லண்டன் பக்கம் பிரென்ட்ஃபோர்டில் ஒரு கலையரங்கத்தின் முகப்புக்கூடத்தில், சினிமா பார்க்க வந்து காத்திருந்தவர்கள் முன்னால் இப்படித்தான் முக்கால் மணி நேரம் வாசித்தார்கள். அந்த நிகழ்ச்சிக்கு வைத்த தலைப்பு, நவீன சிதார் இசை மாலை. மேடையில் சிதார் கிடையாது. டிக்கெட் வாங்கிப் படம் பார்க்க வந்தவனை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

இன்னொரு விஷயம், இதற்கும் இசைக்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை, ஆனால் மனசிலிருந்து போகமாட்டேன் என்கிறது. ரக்பி ஊருக்கு வெளியே ஒரு வானொலி நிலையம் இருந்தது. ஒவ்வொன்றும் 250 மீட்டர் உயரத்தில் கோபுரங்கள். 2007 வரை பிரிட்டன் முழுவதற்குமான நேரச் சைகை அங்கிருந்துதான் போனது, 60 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசையில், பகலும் இரவும், நிற்காமல். அந்தக் கோபுரங்களின் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த பையன்கள் ஒரே ஸ்வரத்தை விடாமல் பிடித்ததில் ஆச்சரியம் என்ன என்று எனக்குத் தோன்றும். ஆல்பத்தைப் பதிவு செய்த ஸ்டூடியோவின் பெயரும் வி.எச்.எஃப்., அதுவும் ஒரு வானொலி அலைவரிசையின் பெயர்தான். இதற்கு மேல் நான் இட்டுக்கட்டினால் நன்றாக இருக்காது, விட்டுவிடுகிறேன்.

இப்போது தட்டுக்கு வருவோம். பன்னிரண்டு பாட்டு, ஏறத்தாழ ஒரு மணி நேரம். ஆனால் பன்னிரண்டும் தனித்தனி இல்லை, சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு என்று நான்கு பகுதியாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு பகுதிக்குள்ளும் பாட்டுகள் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டு போகும். இரட்டை எல்பிக்கு நான்கு பக்கம், ஆகப் பக்கத்துக்கு ஒரு நிறம். நான் முதலில் பல வருடம் இதைக் கைபேசியில்தான் கேட்டேன். அப்போதெல்லாம் ஐந்தாவது ஆறாவது பாட்டு வரும்போது கவனம் எங்கோ போய்விடும், நல்ல ஆல்பம்தான், கொஞ்சம் நீளம் என்று ஒதுக்கி வைத்திருந்தேன். தட்டில் கேட்டபோதுதான் புரிந்தது, நீளம் இல்லை, நான்கு வேளைச் சாப்பாட்டை ஒரே இலையில் போட்டு விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். கால் மணி நேரம் முடிந்து ஊசி தூக்கி, எழுந்து போய்த் தட்டைத் திருப்பிப் போட்டு, கையோடு ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தால், அடுத்த நிறத்துக்குக் காது புதிதாக இருக்கிறது. இந்த விலை கொடுத்து இதை எல்பியாக வாங்க ஒரே நியாயமான காரணம் இதுதான். பழைய சிடி உங்களிடம் இருந்தால் நான்கு பகுதிக்கு இடையில் நீங்களே நிறுத்திக் கேட்டுப் பாருங்கள், பாதி பலன் காசில்லாமல் கிடைத்துவிடும்.

சிவப்புப் பக்கம் மெதுவாகத் தொடங்குகிறது. கிதாரில் ட்ரெமோலோ போட்டு வாசிக்கிறார்கள், அதாவது ஒலி மேலும் கீழும் சின்னச் சின்னதாக ஏறி இறங்கி ஒரு நடுக்கம் மாதிரி கேட்கும், பழைய குண்டு பல்ப் மின்சாரம் குறைவாக வரும்போது துடிக்குமே அப்படி. அதற்கு மேல் பியர்ஸின் குரல். இந்தக் குரலைப் பற்றி ஒளிக்காமல் சொல்லவேண்டும், ரொம்ப ஒல்லியான குரல், தூங்கி எழுந்தவன் பேசுகிற மாதிரி, மேல் ஸ்தாயிக்குப் போக அவருக்கு ஆசையும் இல்லை தெம்பும் இல்லை. வரிகளும் அப்படித்தான், ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வார், உன்னைப் பிடிக்கும், நீ இல்லை, ஆண்டவரே வெளிச்சம் காட்டும், அவ்வளவுதான். கவிதை எதிர்பார்த்து வருபவர்கள் தயவுசெய்து வேறு கடைக்குப் போங்கள். ஆனால் அந்தக் குரலுக்குக் கீழே நடப்பதைக் கேளுங்கள். கேரதர்ஸின் பேஸ் நான்கைந்து ஸ்வரத்தை எடுத்துக்கொண்டு அதிலேயே வட்டமடிக்கும், மேலே ஆர்கன் ஒற்றை ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும், அங்கங்கே ஊதுகருவியும் வயலினும் வந்து தலைகாட்டிவிட்டுப் போகும். பழைய குழுவில் இதே ஒற்றை ஸ்வரம் முகத்தில் அறைகிற மாதிரி வரும். இங்கே அதே ஸ்வரம் மெத்தை விரித்துப் படுக்கச் சொல்கிறது.

எனக்கு இந்தத் தட்டில் பிடித்தது இதுதான். பிரிந்து வந்தவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் செய்வார்கள், பழைய சரக்கையே புது லேபிளில் விற்பார்கள், அல்லது பழசுக்கு நேர்மாறாக எதையாவது செய்து தன்னை நிரூபிக்கப் பார்ப்பார்கள். பியர்ஸ் இரண்டும் செய்யவில்லை. பழைய குழுவின் பொறுமையை எடுத்துக்கொண்டார், முறைப்பை அங்கேயே விட்டுவிட்டார். கெம்பர் பக்கம் என்ன ஆனது என்றால், அவர் ஸ்பெக்ட்ரம் என்ற பெயரில் மின்னணு ஒலிகளோடு இன்னும் உள்ளே உள்ளே போனார், அதுவும் எனக்குப் பிடிக்கும், ஆனால் அது வேறு ஊர். ஒரே வீட்டுச் சமையல்தான், ஒருவர் குழம்பை எடுத்துக்கொண்டு போனார், ஒருவர் ரசத்தை.

பச்சைப் பக்கம்தான் இந்த நான்கில் சுமார். முதல் பாட்டு நன்றாக ஓடும், ஜே.ஜே. கேல் என்ற அமெரிக்கப் பாடகரின் ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு வெல்வெட் அண்டர்கிரவுண்ட் என்ற பழைய ராக் குழுவின் வாடையோடு வேகமாகப் போகிறது, ரயில் ஜன்னல் மாதிரி. அதற்கப்புறம் வருகிற மூன்றும் அழகாகத்தான் இருக்கின்றன, ஆனால் முடிந்தபிறகு எது எது என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. விட்டுவிடலாம்.

நீலத்தில் இரண்டே பாட்டு. இரண்டாவதாக வருகிற ஷைன் எ லைட் என்ற ஏழு நிமிடப் பாட்டுக்காகவே இந்தத் தட்டை வாங்கலாம் என்று ஒரு நாள் தோன்றும், இன்னொரு நாள் அவ்வளவு இல்லையே என்றும் தோன்றும், கேட்கிற நேரத்தைப் பொறுத்தது. தேவாலயத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து தனக்குத்தானே முணுமுணுக்கிறவனின் வேண்டுதல் மாதிரி ஆரம்பிக்கிறது. நடுவில் எந்த இடத்தில் என்று சரியாகச் சொல்ல முடியவில்லை, பின்னால் இருந்து கிதாரின் ஃபீட்பேக், அதாவது ஸ்பீக்கர் சத்தம் திரும்பக் கிதாருக்குள் போய் எழுப்புகிற ஊளை, மெல்ல ஏறி வருகிறது, மழை வருவதற்கு முன்னால் தூரத்தில் ஒரு இரைச்சல் கேட்குமே அப்படி. முதலில் அது பாட்டின் பகுதியா பக்கத்து வீட்டு மிக்சியா என்று சந்தேகம் வரும். கடைசி இரண்டு நிமிடத்தில் பாட்டே அதற்குள் மூழ்கிவிடுகிறது, குரல் போய்விட்டது, வேண்டுதலும் போய்விட்டது, சத்தம் மட்டும் பளபளவென்று நிற்கிறது.

கறுப்புப் பக்கத்தின் முதல் பாட்டுக்கு ஒரு எச்சரிக்கை. ஏஞ்சல் சை என்று பெயர், பூ மாதிரி ஆரம்பிக்கும், காதுக்கு எட்டவில்லையே என்று ஒலியைக் கூட்டுவீர்கள், கூட்டிவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்ததும் கிதார் மொத்தமும் ஒரேயடியாக வந்து விழும். ராத்திரி பதினொரு மணிக்கு நான் நாற்காலியிலிருந்து பாய்ந்து போய்க் குமிழைத் திருகியதில் சுண்டுவிரலை மேஜையில் இடித்துக்கொண்டேன். மறுநாள் மாடிவீட்டு அண்ணன் எதுவும் கேட்கவில்லை, பார்த்தது மட்டும் ஒரு மாதிரி பார்த்தார்.

பதிப்பின் தரம் எப்படி என்று கேட்பவர்களுக்கு. 180 கிராம் கனமான தட்டுகள், விரிக்கும் அட்டை, வடிவமைப்பு மார்க் ஃபாரோ. இதற்கான மூலத்தகட்டைப் பாதி வேகத்தில் வெட்டியிருக்கிறார்கள். அது என்ன என்றால், மூலநாடாவையும் வெட்டும் எந்திரத்தையும் இரண்டையுமே பாதி வேகத்தில் ஓடவிட்டு வெட்டுவது. வெட்டும் ஊசிக்கு இருமடங்கு நேரம் கிடைப்பதால் உயர்ந்த ஒலிகள், சிம்பல் தட்டுவது, ட்ரெமோலோவின் நடுக்கம் எல்லாம் பிசிறு இல்லாமல் பதியும் என்பது கணக்கு. எல்லாத் தட்டுக்கும் இது பெரிய வித்தியாசம் தராது, ஆனால் நடுக்கத்தையே நம்பி எடுத்த இந்த மாதிரி ஆல்பத்துக்குத் தருகிறது, கைபேசியில் ஒரே மந்தமாகக் கேட்ட இடங்களில் இப்போது இரண்டு கிதார் தனித்தனியாக நடுங்குவது தெரிகிறது. பெட்டி வடிவில் ஸ்பீக்கரையும் உள்ளேயே வைத்து விற்கிறார்களே, அந்த பிளேயரில் போடுவதாக இருந்தால் மட்டும் இதை வாங்காதீர்கள், அந்தக் காசுக்கு ஒரு நல்ல ஹெட்போன் வாங்கிக் கைபேசியிலேயே கேட்கலாம். பேஸ் கேட்காவிட்டால் இதில் ஒன்றுமே இல்லை.

பலரும் இந்தக் குழுவுக்குள் வருவது 1997 இல் வந்த மூன்றாவது ஆல்பம் வழியாகத்தான், மாத்திரை அட்டை மாதிரி சிடியை அழுத்தி எடுக்கிற உறையில் வந்ததே, அது. அந்த வருட ஆல்பங்களில் என்.எம்.ஈ. என்ற இங்கிலாந்து இசைப் பத்திரிகை ரேடியோஹெட் குழுவைத் தாண்டி அதற்குத்தான் முதலிடம் கொடுத்தது. பிரமாதமான ஆல்பம், மறுப்பே இல்லை. கோஸ்பல் என்ற தேவாலயப் பாட்டுக்கான கூட்டுப்பாடகர், நால்வர் தந்தி வாத்தியக் குழு, கடைசிப் பாட்டில் டாக்டர் ஜான் என்ற அமெரிக்க இசைக்கலைஞரின் பியானோ என்று கல்யாண விருந்து. ஆனால் விருந்து தினமும் சாப்பிட முடியாது. முதல் ஆல்பம் மோர்சாதம், எந்த ராத்திரிக்கும் ஒத்துவரும். நடுவில் 1995 இல் வந்த ப்யூர் ஃபேஸ் இருக்கிறது, அதில் பியர்ஸ் ஒரே பாட்டின் இரண்டு ஒலிக்கலவையில் (மிக்ஸ்) எது நல்லது என்று முடிவுசெய்ய முடியாமல் இரண்டையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டுவிட்டார், இந்தக் காதில் ஒன்று, அந்தக் காதில் ஒன்று. மனிதர் எப்படிப்பட்டவர் என்று புரிந்துகொள்ள இதுவே போதும். மேடையிலும் இப்போதெல்லாம் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து கூட்டத்தைப் பார்க்காமல் வாசிப்பவர்தான்.

அப்புறம் ஒன்று, இந்த முதல் ஆல்பத்தில் வாசித்த அணி நிலைக்கவில்லை. ரெஃபாய் போய் ஸ்லிப்ஸ்ட்ரீம் என்ற குழுவை ஆரம்பித்தார், மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். புதிதாக வந்தவர்களில் மூன்று பேரைப் பியர்ஸ் 1999 இல் நீக்க, ஷான் குக், மைக் மூனி, டேமன் ரீஸ் மூவரும் சேர்ந்து லூப்பைன் ஹவுல் என்று தனிக்குழு வைத்தார்கள். பிரிந்து வந்தவர்களின் குழுவிலிருந்து பிரிந்து போனவர்களின் குழு! கிளையிலிருந்து கிளை. இன்று வரை அந்தப் பெயரில் நிலையாக இருப்பவர் பியர்ஸ் ஒருவர்தான். அதனாலும் எனக்கு இந்தத் தட்டின் மேல் ஒரு பாசம், பழைய குழுவிலிருந்தே ஒருவருக்கொருவர் தெரிந்த நான்கு பேர் இன்னும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாசித்துக்கொண்டிருக்கிற சத்தம் இதில்தான் இருக்கிறது, அப்புறம் வந்தவற்றில் ஆர்க்கெஸ்ட்ரா இருக்கிறது, இந்தச் சத்தம் இல்லை.

வாங்கலாமா? தட்டு பிளேயரும் ஓரளவு நல்ல ஸ்பீக்கரும் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் வாங்குங்கள், சுங்கவரியை மறக்க ஒரு மாதம் ஆகும். இல்லை என்றால் நீலப் பகுதியை மட்டும் கைபேசியில் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு ஒருமுறை கேட்டுவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.

கடைசிப் பாட்டைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். பெயர் 200 பார்ஸ். பார் என்றால் தாளக் கணக்கில் ஒரு சுற்று, சாராயக் கடையும் பார்தான், இரண்டையும் வைத்துப் பியர்ஸ் விளையாடுகிறார். பாட்டு நெடுக, பின்னால், கேட் ராட்லி தணிந்த குரலில் அந்தச் சுற்றுகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே போகிறார். போன ஞாயிற்றுக்கிழமை இதை ஓடவிட்டிருந்தபோது அம்மா கீரை ஆய்ந்துகொண்டே, "யாரு இந்தப் பொண்ணு, தோப்புக்கரணம் போடுதா?" என்றார். நூற்றைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்பார், கரண்ட் போய்விட்டது. எங்கள் வீட்டில் ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் இன்வெர்ட்டர் லைனில், தட்டு பிளேயர் மட்டும் சாதா பிளக்கில். அதனால் சத்தம் நிற்கவில்லை, தட்டு சுற்றுவது குறையக் குறையக் குரல் கனத்து, இழுபட்டு, ஆம்பளைக் குரலாகி, ஏதோ ஒரு எண்ணின் நடுவில் கிணற்றுக்குள் போன மாதிரி அடங்கியது. அம்மாவும் நானும் சிரித்துவிட்டோம். இருபது நிமிடம் கழித்துக் கரண்ட் வந்தது, நான் சுவிட்சை அணைக்க மறந்திருந்ததால் தட்டு தானாகச் சுற்ற ஆரம்பித்தது, கிணற்றிலிருந்து அதே எண் மேலே ஏறி வந்தது. அடுப்படியிலிருந்து அம்மா, "இன்னும் எவ்வளவு பாக்கி?" என்று கேட்டார்.